ஆளில்லாத குழி

பதுங்குகுழியைக் காலி செய்துவிட்டு எல்லோரும் படகேற வேண்டும். துப்பாக்கிகள் ஓய்ந்தால் எதிரிக்குத் தெரிந்துவிடும். ஒருவரும் உயிரோடு கடலைத் தொட மாட்டோம். முனிரத்தினம் ஒரு பிஸ்கட் டப்பாவின் அடியில் துளையிட்டு, துளையில் புல்லைச் செருகி, தண்ணீர் ஊற்றித் தொங்கவிட்டான். துப்பாக்கியின் விசையில் கட்டியிருந்த இன்னொரு டப்பாவில் அது சொட்டியது. அந்த டப்பா நிறைந்து கனத்தால் விசை இழுபடும்.

"எங்கடா கத்துக்கிட்ட இத?" என்றார் ஹவில்தார்.

"எங்கூர்ல வெயில் காலத்துல சிவனுக்கு மேல இப்படித்தாங்க பாத்திரம் கட்டுவாங்க. சாமி தலை காயவே காயாது."

படகு மூடுபனிக்குள் புகுந்தபோது கரையில் வெடித்தது. இருமுவதுபோலக் கரகரத்த சத்தம், அவனுடைய பழைய துப்பாக்கிக்கு மட்டுமே உள்ளது. ஆளில்லாத குழி சுடுவதைக் கேட்டு நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். முனிரத்தினம் மீசையை நீவிக்கொண்டான்.

கரை மறைந்து வெகுநேரம் கழித்து, அதே இருமல் மறுபடியும் கேட்டது.

"ஒரு வாட்டிதான் சுடும்னு சொன்னியே?" என்றார் ஹவில்தார்.

"ஆமாங்க. யாரோ தோட்டா போட்டு, தண்ணி ஊத்திப் பாத்திருக்கான்."

எதிரி எங்கள் குழிக்குள் நிற்கிறான். முனிரத்தினமோ, தன் பிள்ளையை அடுத்த வீட்டுக்காரர் தூக்கிக் கொஞ்சுவதைப் பார்க்கும் தகப்பனைப்போல, கரை இருந்த திசையையே பார்த்துக்கொண்டிருந்தான்.