பதினோராவது பெயர்

"அந்தப் பேரை வெட்டு."

தில்லையம்பலம் ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தார். பாரிஸ் லா சப்பல் தமிழர் உதைபந்தாட்டக் கழகத்தின் தலைவர் அவர். அங்கே ரூ காய் தெருவில் உணவகம் வைத்திருக்கிறார்.

பாட்டு, எதிரே நின்ற இளைஞன் தனோஜனுடையது. கழகம் கோப்பை வென்றதற்காக அவன் எழுதிய பிரெஞ்சு ராப். பதினொரு வீரர்களின் பெயரும் வரிசையாக வரும்.

"எந்தப் பேரை, அங்கிள்?"

"சுலேமான்."

"ஃபைனல்ல ரெண்டு கோலும் அவன்தானே அடிச்சவன்!"

"ஓம். எண்டாலும் வெட்டு."

"இஞ்சை ராப்பில பேர் வந்தால்தான் ஒருத்தன் ஆட்டக்காரன். உங்களுக்கு விளங்காது."

"விளங்குது. வேண்டாம்."

தனோஜனுக்கு முகம் சிவந்தது.

"உங்கட கடையில அவன் கோப்பை கழுவலாம். கழகத்துக்குக் கோப்பை எடுத்துத் தரலாம். பேர் மட்டும் வரக்கூடாதோ? ஆபிரிக்கக் கறுவல் எண்டபடியாலோ?"

தில்லையம்பலம் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு எழுந்து சமையலறைக்குள் போய்விட்டார்.

தனோஜன் பெயரை வெட்டவில்லை. பல்லவியிலேயே தூக்கி வைத்தான். வீடியோவில் சுலேமானின் முகம் மூன்று தடவை வந்தது. அவனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பார்த்துச் சந்தோசப்படட்டும் என்று நினைத்தான்.

பிரான்ஸ் உலகக் கோப்பை வென்ற கோடை அது. இரண்டு கிழமையில் ஒரு லட்சம் பேர் பார்த்தார்கள். பேரை வெட்டச் சொன்ன கதை எப்படியோ வெளியே வந்து, 'கழகத் தலைவர் இனவாதி' என்று பாட்டுக்குக் கீழே பலர் எழுதினார்கள். உணவகத்தைக் கடக்கிற பெடியள் அவர் காதுபடப் பல்லவியைப் பாடினார்கள்.

அவர் அடுத்த மேசையைத் துடைக்கப் போனார்.

மூன்றாம் கிழமை உணவகத்துக்குப் பொலிஸ் வந்தது. ஃபைனலில் தோற்ற கழகத்தில் யாரோ, சுலேமான் என்ற பெயரில் வீரரே பதியப்படவில்லை என்று பொலிசுக்கு எழுதிப்போட்டிருந்தார்கள். சுலேமானைப் பொலிஸ் கொண்டுபோய்விட்டது.

தனோஜன் ஓடி வந்தான். தில்லையம்பலம் கடைக் கதவைப் பூட்டிக்கொண்டிருந்தார்.

"ஏன் அங்கிள் கொண்டுபோனவங்கள்?"

"அவனுக்கு இஞ்சை இருக்கப் பேப்பர் இல்லை, தம்பி. மாலிக்குத் திருப்பி அனுப்பப் போறாங்களாம்."

"எனக்கு ஏன் சொல்லேல்லை?"

"ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ எண்டு என்ர கையைப் பிடிச்சுக் கேட்டவன்."



"அப்ப இவ்வளவு நாளும் ஆற்ற பேரில பதிஞ்சு விளையாடினவன்?"

தில்லையம்பலம் கதவுத் திறப்பைச் சட்டைப்பைக்குள் போட்டார்.

"என்ர மகன்ர பேரில."