ஐவி வீட்டு கேட்

இதை எனக்கு முதலில் சொன்னவள் டோரீன். போன ஜூலையில், சர்ச் விழாவுக்காக நாங்கள் இருவரும் உட்கார்ந்து ஸ்ட்ராபெர்ரிப் பழங்களுக்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தபோது சொன்னாள். டோரீன் நல்லவள். ஆனால் அவள் வாயில் எதுவும் தங்காது. அதற்காக நான் தனியாக ஜெபிப்பதுண்டு.

டோரீனுக்கு எதிர்வீடு ஐவி. கணவர் ஆர்தர் இறந்ததிலிருந்து தனியாகத்தான் இருக்கிறாள். அந்தக் கோடை முழுவதும் அவள் வீட்டு கேட் கழன்று கழன்று விழுந்தது. ஒவ்வொரு தடவையும் அதை மாட்ட வருகிறவர் நார்மன். பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்து, அந்த வசந்தத்தில்தான் ஓய்வு பெற்றவர். அடுத்த தெரு ஏவ்ரிலின் கணவர்.

"ஒரு கேட்டை மாட்ட எவ்வளவு நேரம் ஆகும், நீயே சொல்லு" என்றாள் டோரீன். "இந்த மனுஷன் மதியம் போனா சாயங்காலம்தான் வெளியே வர்றாரு. சட்டை பூரா கேக் தூள்! வேலையை விட்டு வந்த புதுசுல, அணைச்சு வச்ச டி.வி.யைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தவரு, இப்ப தலையைப் படிய வாரிக்கிட்டுச் சீட்டியடிச்சுக்கிட்டுப் போறாரு. பாவம் ஏவ்ரில், ஒண்ணும் தெரியாம பீன்ஸுக்குத் தண்ணி ஊத்திக்கிட்டிருக்கா."

டோரீன் இதையெல்லாம் கவனிப்பது வாடின ரோஜாவைக் கிள்ளுகிற சாக்கில். அந்தக் கோடையில் அவள் செடியில் வாடின ரோஜா ஒன்றுகூட மிச்சமில்லை. நல்ல ரோஜாவும் அதிகமில்லை.

ஒரு மத்தியானம், நல்ல வெயில். ஐவி ஏப்ரனோடு வெளியே வந்தாள். தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தாள். ஏப்ரன் பையிலிருந்து மஞ்சள் கைப்பிடி போட்ட திருப்புளியை எடுத்தாள். கேட்டின் கீலில் இருந்த திருகாணியை அவளே கழற்றினாள்!

கேட் பொத்தென்று பூச்செடிமேல் சாய்ந்தது. ஐவி உள்ளே போய் ஃபோன் பண்ணியிருக்க வேண்டும். கொஞ்ச நேரத்தில் நார்மன் கருவிப் பெட்டியோடு வந்துவிட்டார்.

டோரீனுக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. ஒரு குடும்பம் கெட்டுப்போகும்போது பார்த்துக்கொண்டிருப்பதா? கையுறையைக்கூடக் கழற்றாமல் நேரே ஏவ்ரில் வீட்டுக்கு நடந்தாள்.

"ஏவ்ரில், உட்காரு. ஒரு விஷயம் சொல்லணும்."

"யாராவது செத்துட்டாங்களா?"

"அதைவிட மோசம். உன் வீட்டுக்காரரைப் பத்தி."

எதற்கும் இருக்கட்டும் என்று ஏவ்ரில் முதலில் கெட்டிலைப் போட்டாள். டோரீன் ஒன்று விடாமல் சொன்னாள். சீட்டி, தலைவாரல், கேக் தூள், கடைசியில் திருகாணி.

ஏவ்ரில் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "திருப்புளிக்கு மஞ்சள் கைப்பிடியா?" என்றாள்.

"ஆமா!"

"அப்ப நான் குடுத்ததுதான்."

டோரீன் கையிலிருந்த பிஸ்கட் டீக்குள் விழுந்தது.

"வேலையை விட்டு வந்ததும் அவரு இடிஞ்சு போய்ட்டாரு, டோரீன். சாப்பாடே இறங்கலை. 'இனிமே நான் யாருக்குத் தேவை'ன்னு ஒருநாள் கேட்டாரு. சரி, ஏதாவது செய்யட்டும்னு என் தையல் மெஷினை ரிப்பேருக்குக் குடுத்தேன். பஸ்ஸைப் பிரிச்ச கை. இப்ப அந்த மெஷின் பின்பக்கமாத்தான் தைக்குது. அப்புறம்தான் ஐவிகிட்ட போய் நின்னேன். 'உன் வீட்டுல எதையாவது கெடுத்து வையேன், இந்த மனுஷன் பிழைச்சுக்குவாரு'ன்னு கெஞ்சினேன். நீ அவருகிட்ட மூச்சு விட்டுடாதே."

டோரீன் தலையைக் குனிந்துகொண்டு திரும்பினாள். ஐவி வீட்டு வாசலில் நார்மன் மண்டி போட்டு உட்கார்ந்து கேட்டை மாட்டிக்கொண்டிருந்தார்.

"டோரீன், இங்க வாங்க. நீங்க பார்த்துக்கிட்டுத்தான் இருக்கீங்கன்னு எனக்குத் தெரியும்."

"ஐயோ, நான் எங்க பார்த்தேன்?"

"ரோஜாச் செடிக்குப் பின்னாடி தினமும் உங்க தொப்பி தெரியுதே." வீட்டுப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "இந்தத் திருகாணி தானாக் கழலலை. ஐவிதான் கழட்டுறாங்க."

டோரீன் கேட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"முதல் தடவையே கண்டுபிடிச்சுட்டேன். ஆர்தர் போனப்புறம் அவங்களுக்குப் பேச்சுத் துணைக்கு ஆள் இல்லை. 'ஒரு டீ குடிச்சுட்டுப் போங்க'ன்னு சும்மா கூப்பிட நம்ம ஊர்ல யாருக்கு வாய் வருது? கேட்டையில்ல கழட்ட வேண்டியிருக்கு! என் மஞ்சள் திருப்புளியைக்கூட எப்படியோ எடுத்து வச்சிருக்காங்க. விசாரிச்சா மனசு நோகுமேன்னு விட்டுட்டேன். பாவம், மூட்டு வலிக்கிற கை. அதனால இப்பல்லாம் நான் முழுசா முறுக்குறதே இல்லை. ஏவ்ரில்கிட்ட சொல்லிடாதீங்க. அவ தப்பா நினைச்சுக்கப் போறா."

டோரீன் இரண்டு பேருக்கும் வாக்குக் கொடுத்திருக்கிறாள். என்னிடம் மட்டும்தான் சொன்னாளாம்.

இந்தக் கோடையில் டோரீன் வீட்டுச் சமையலறைக் குழாயும் சொட்டுகிறது. நார்மன் போய் வந்துகொண்டிருக்கிறார். எப்படிக் கெட்டது என்று நான் கேட்கவில்லை.

உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். ஐவி வீட்டுப் பக்கம் போனால் கேட்டை மெதுவாகத் திறங்கள். திருகாணி தளர்ந்திருக்கிறதே என்று, நல்ல மனசோடு முறுக்கி வைத்துவிடாதீர்கள்.