கதவோரப் பஞ்சு

மிஷன் வீதியில் இருந்த தன் கேமரா ரிப்பேர் கடையில், கழுவிய பிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினாள் இஃப்ஃபத். ரோல் முழுக்கக் கறுப்பு.

“ஒரு படம்கூடத் தேறல சார்.”

“கேமராவுல எங்கனா ஓட்டை இருக்குமாம்மா?” என்றார் புருஷோத்தமன்.

“ஓட்டை இருந்தா ஓரத்துல கோடு கோடாத்தான் விழும். இது யாரோ பின்கதவைத் திறந்து, ரோலை வெளிய இழுத்துப் பாத்திருக்காங்க.”

“ஷட்டர் கோளாறுன்னு சொல்லலாமா?”

“ஷட்டரும் நல்லாருக்கு. சும்மா கேமரா மேல பழி போடாதீங்க சார். உங்க பொண்ணு அபியை வரச் சொல்லுங்க. வெளிச்சம் நுழையாம இருக்க கதவோரப் பஞ்சு போன மாசம்தான் மாத்திக் குடுத்தேன்.”

அவர் குரல் இறங்கியது.

“அபி இல்லம்மா. போன வாரம் ஜுரத்துல போயிட்டா. கடைசியா என்ன எடுத்தான்னு பாக்க அவ அம்மாதான் திறந்துட்டா. போன்ல மாதிரி உள்ள படம் தெரியும்னு நெனச்சிட்டா. புள்ள எடுத்ததையும் அழிச்சிட்டேன்னு வாயே திறக்க மாட்டேங்கறா. வெளிய ஆட்டோவுலதான் இருக்கா.”

இஃப்ஃபத் பிலிமைச் சுருட்டி வைத்தாள். பிறகு வெளியே ஆட்டோ அருகே போனாள்.

“அம்மா, படம் போனது உங்களால இல்ல. நான் ஒட்டுன பஞ்சு சரியில்ல. நீங்க திறக்கறதுக்கு முன்னாடியே உள்ள வெளிச்சம் பூந்துடுச்சு. தப்பு என்னுது.”

அபியின் அம்மா அன்னக்கிளி நிமிர்ந்து பார்த்தாள்.

“உன்ன நம்பித்தானேடி எம் பொண்ணு குடுத்தா?”

வீதியே திரும்பிப் பார்க்கும்படி அழுது அழுது திட்டினாள். இஃப்ஃபத் ஒரு வார்த்தையும் மறுக்காமல் கேட்டுக்கொண்டு நின்றாள்.