சனிக்கிழமைப் பூட்டு

"மேரியம்மாவுக்குச் சனி மாதாவுக்கு உகந்த நாளாம், அதாலை போன வருஷத்திலை இருந்து கடை பூட்டாம்! போன சனி ஸ்டோரோக் கடைத்தொகுதியிலை கோப்பியும் கையுமா இருந்ததை என்ரை கண்ணாலை கண்டனான்."

நாடாளுமன்றத்துக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த கணவரின் கழுத்துப்பட்டியைச் சரிசெய்தபடி புஷ்பராணி பொரிந்து தள்ளினாள்.

"கோப்பி குடிச்சால் மாதா கோவிக்கமாட்டா," என்றார் பத்மநாதன்.

"பகிடியை விடுங்கோ. இந்த நாட்டிலை ஞாயிறு கடை இல்லை. சனிதான் வியாபாரம். அந்த நாளிலை பூட்டுறவ வியாபாரத்தைப் பற்றி அங்கை என்னத்தைக் கதைக்கப் போறா? அதோடை, எதிர்க்கடை நிலனைத் திருப்பி அனுப்பினால் லாபம் ஆருக்கு? அவவுக்குத்தானே!"

பத்மநாதன் குனிந்து சப்பாத்தை மாட்டினார். அந்த அச்சம் அவர் உள்ளத்திலும் இருந்தது.

அவர் ஒஸ்லோவிலுள்ள தமிழ் வணிகர் சங்கத்தின் தலைவர். வெளிநாட்டிலிருந்து தம் முதலைப் போட்டுத் தொழில் தொடங்க வருவோருக்கு இந்த நாடு தரும் அனுமதியை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். சட்டம் சொல்லும் வருமானத்தைக் கடை காட்டாவிட்டால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். நட்ட மாங்கன்றிடம் முதல் மழைக்கே பழம் கேட்கும் சட்டம். அந்த அவகாசத்தை நீட்டித் தருமாறு நாடாளுமன்றக் குழுவிடம் கேட்கத்தான் இந்தப் பயணம்.

நிலன் கோயம்புத்தூரில் இருந்த வீட்டை விற்று, மனைவியோடும் கைக்குழந்தையோடும் வந்து, போன வருடம் ஒஸ்லோவின் ரொம்சோஸ் பகுதியில் மளிகைக் கடை திறந்தவன். முதல் ஆண்டு எப்படியோ தப்பினான். அடுத்த புதுப்பிப்பு நெருங்குகிறது.

"திருப்பி அனுப்பிட்டா ஊர்ல எங்களுக்கு வீடே இல்ல சார்," என்று நேற்றும் தொலைபேசியில் புலம்பினான்.

அவன் கடைக்கு நேர் எதிரேதான் மேரியம்மாவின் கடை. மன்னாரிலிருந்து அகதியாக வந்து, நெடுங்காலமாகக் கடை நடத்துபவர். "பழைய வணிகர் ஒருவரும் வரட்டும்" என்று குழு கேட்டிருந்தது. மற்றவர்கள் ஆளுக்கொரு சாட்டுச் சொல்ல, அவர் ஒருவர்தான் வரச் சம்மதித்தார்.

ரயிலில் பத்மநாதன் மெல்ல ஆழம் பார்த்தார்.

"அவையள் கேட்டால் மட்டும் கதையுங்கோ மேரியம்மா."

"ஓம் அண்ணை. நான் கடைக்காரி, பேச்சாளரே?"

"நிலனிலை உங்களுக்கு மனத்தாங்கல் ஒண்டும் இல்லையே?"

"அந்தப் பொடியன் தோசைமாவை நல்லாப் புளிக்க விடுறான்," என்றார் மேரியம்மா, யன்னலுக்கு வெளியே பார்த்தபடி.

அது புகழா, பழியா என்று பத்மநாதனுக்கு விளங்கவில்லை.

குழுவின் முன் பத்மநாதனை முதலில் அழைத்தார்கள். கோயில் மண்டபத்தில் எத்தனையோ விழாக்களை நடத்தியவர் அவர். சபைக்கு வணக்கம் சொல்லாமல் பேச்சைத் தொடங்குவது, குளிக்காமல் கோயிலுக்குள் நுழைவதற்குச் சமம் அவருக்கு. குழுத் தலைவருக்கு வணக்கம் சொன்னார். உறுப்பினர்களுக்குத் தனித்தனியே வணக்கம் சொன்னார். பனியில் நடுங்கி வந்தவர்களுக்குக் கதவு திறந்த இந்த நாட்டுக்கு உருகி நன்றி சொன்னார். தம் சிறுமையையும் அவையின் பெருமையையும் எடுத்துரைத்து நிமிர்ந்தபோது, மேசையில் சிவப்பு விளக்கு எரிந்தது.

"நன்றி. உங்கள் நேரம் முடிந்துவிட்டது," என்றார் குழுத் தலைவர்.

நீலகண்டனுக்கு நஞ்சு நின்ற இடத்தில் பத்மநாதனுக்குக் கோரிக்கை நின்றது. குறிப்புத் தாளை மடித்துக்கொண்டு அமர்ந்தார்.

குழுத் தலைவரின் பார்வை மேரியம்மாவிடம் திரும்பியது.

"புதிதாக வருபவர்களுக்குக் கூடுதல் அவகாசம் கொடுத்தால், உங்களைப் போன்ற பழைய கடைக்காரர்களுக்கு அது நட்டம் இல்லையா?"

"நட்டம்தான்," என்றார் மேரியம்மா, தமக்குத் தெரிந்த நோர்வேஜிய மொழியில்.

'போச்சு!' பத்மநாதன் கண்களை மூடிக்கொண்டார். சிவசிவ என்றது மனம்.

"எனக்கு எதிரே ஒரு தம்பி கடை போட்டிருக்கிறான். நல்ல சாமான், நல்ல குணம். ஆனால் ஒரு கடையில் பழகிய சனம் இலேசில் மாறாது. பழகிய கடை பூட்டிக் கிடந்தால்தான் எதிர்க்கடைப் படியில் ஏறிப் பார்க்கும்."

பத்மநாதன் கண்களைத் திறந்தார்.

"தொடங்கிய காலத்தில் என் கடையிலும் ஈதான் மொய்த்தது. நான் அகதியாக வந்தவள். அதனால் உன் கடை எவ்வளவு உழைத்தது, நீ இங்கே இருக்கலாமா என்று என்னை ஒருவரும் கேட்கவில்லை. அவனைக் கேட்கிறீர்கள். கடை வேர் பிடிக்க முன்னமே கேட்கிறீர்கள்."

உறுப்பினர் ஒருவர் எதையோ குறித்துக்கொண்டார்.

"அப்படியானால் உங்கள் வேண்டுகோள்தான் என்ன?" என்று கேட்டார் குழுத் தலைவர்.

மேரியம்மா ஒரு கணம் பத்மநாதனைப் பார்த்துச் சிரித்துவிட்டுச் சொன்னார்:

"அந்தத் தம்பிக்கு அவகாசம் கொடுங்கள், ஐயா. நானும் இனிச் சனிக்கிழமைகளில் கடையைத் திறக்க வேண்டும்."