நாலு நாடகம், ஒரு தகப்பன்

அழுகைப் பாட்டின் முதல் அடியைப் பாடியவர், இரண்டாவது அடியில் நின்றுவிட்டார்.

ஒத்திகைக் கூடத்தில் பகல் பதினொரு மணி வெயில். எதிரே பாயில் செத்துக் கிடந்த மகள் வேடக்காரி, கண்ணைத் திறந்து பார்த்தாள்.

"வரி மறந்துபோச்சாண்ணே?" என்றார் ஆர்மோனியம் பீர்முகமது.

மறக்கவில்லை.

காலையில் மனைவி போனில் சொன்னது காதைவிட்டுப் போகவில்லை. மகள் பூங்கோதைக்குப் பிரசவம் ஆகிவிட்டதாம். ரத்தம்தான் நிற்கவில்லையாம்.

"எனக்கு ஒத்திகை இருக்கு" என்று போனை வைத்துவிட்டார்.

நாலு வருடமாக மகளோடு பேச்சில்லை. வேறு சாதிப் பையனைக் கட்டிக்கொண்டு போனவள்.

முப்பது வருடமாக அவருக்கு அப்பா வேடம்தான். ஒரு நாடகத்தில் ராஜா. ஒன்றில் வணிகன். இன்னொன்றில் படகுக்காரன். இப்போது ஜமீன்தார். உடுப்புதான் வேறு. சொல் கேட்காத மகளைத் துரத்துவான். கடைசிக் காட்சியில் மனம் மாறி ஓடிவருவான். அதற்குள் அவள் செத்திருப்பாள். மருமகனைத் தள்ளிவிட்டு, மேலே விழுந்து பாடுவான். முன்வரிசைப் பெண்கள் முந்தானையை எடுத்துக் கண்ணைத் துடைப்பார்கள்.

ஒருவன்கூட நேரத்துக்கு வந்ததில்லை.

"ஏன் பாய், நாலு நாடகத்துலயும் அப்பன் லேட்டாத்தான் வர்றான்?"

பீர்முகமது ஆர்மோனியக் கட்டையிலிருந்து விரலை எடுக்கவில்லை.

"முன்னாடியே வந்துட்டா, பாட்டு ஏதுண்ணே?"

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே நடந்தார்.

பஸ்ஸில் முக்கால் மணி நேரம். இடம் காலியாக இருந்தும் நின்றுகொண்டே வந்தார்.

பிரசவ வார்டு வாசலில் ஒரு பெஞ்ச். அதில் பூங்கோதையின் புருஷன். சட்டைக் கையில் காய்ந்த ரத்தம். இவரைக் கண்டதும் எழுந்தான். என்ன செய்வதென்று தெரியாமல் பெஞ்சைக் கையால் துடைத்தான்.

அவர் உட்காரவில்லை. அவன் முகத்தையே பார்த்தார்.

"ரத்தம் நின்னுருச்சு" என்றான். "இன்னும் கண்ணு முழிக்கல. கொழந்தைய அத்தை பாத்துக்கறாங்க."

இருவரும் நின்றார்கள்.

வெகுநேரம் கழித்து நர்ஸ் கதவைத் திறந்தாள்.

"பூங்கோதைக்கு யாரு? முழிச்சுட்டாங்க. ஒருத்தர் மட்டும் வாங்க."

அவன் ஓர் அடி எடுத்து வைத்தான். பிறகு என்ன நினைத்தானோ, விலகிச் சுவரோரம் நின்று அவருக்கு வழிவிட்டான்.

உள்ளே இரண்டாவது கட்டிலில், போர்வைக்கு வெளியே, ஒரு கால் லேசாக அசைந்தது.

இந்த இடத்துக்கு அவரிடம் வசனம் இல்லை.

"நீங்க போங்க மாப்ள" என்றார். "நான் இங்கனதான் இருக்கேன்."

அவன் அவரை ஒருமுறை பார்த்துவிட்டு உள்ளே போனான். கதவை முழுக்கச் சாத்தவில்லை.

பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

உள்ளிருந்து, தெம்பில்லாத குரல்:

"வெளிய யாரு?"