பதினாறு நாள் காலி இடம்

என் அக்கா அனுசியா சென்ற மாதம் ஏலக்காய்த் தோட்டத்தில் பாம்பு கடித்து இறந்தார். தோட்டத்திற்குச் செல்லும் ஜீப்பில் இறந்தவரின் இடத்தைப் பதினாறு நாள் காலியாக விட்டு, அவருடைய தூக்குவாளியை அங்கே வைப்பது எங்கள் வழக்கம். மற்றவர்கள் நெருக்கியடித்து நின்றாலும் அங்கே அமர்வதில்லை.

போடிமெட்டு வளைவில் நின்றிருந்த செல்போன் கடைக்காரர் அருண்பாண்டி அதைப் படம்பிடித்து, ‘வாளிக்கும் சீட்டு’ என்று எழுதி, கேலி இசையோடு இணையத்தில் வெளியிட்டார். நான்கு லட்சம் பேர் பார்த்துச் சிரித்தார்கள். பொறுக்க முடியாமல் அவருடைய கடைக்குச் சென்றேன்.

“தம்பி, கோவிச்சுக்காதீங்க. அது எங்கக்கா எடம். தயவுசெஞ்சு அழிச்சிருங்க.”

“அட போங்கக்கா! ஒங்க வாளி இப்ப எம்புட்டு பேமஸ் தெரியுமா? இந்தா, நீங்களே பாருங்க.”

சிரித்தபடி காணொளியை ஓடவிட்டார். ஜீப்பு வளைவில் திரும்பியது. அக்காவின் இடம் காலியாக இல்லை. அருண்பாண்டி அங்கே அமர்ந்திருந்தார். வாளி அவர் மடியில் இருந்தது.

கடையில் என் எதிரே நின்ற அருண்பாண்டியின் சிரிப்பு அடங்கியது.

“நான் ரோட்டுலல்ல நின்னு எடுத்தேன். இதுல எப்பக்கா ஏறுனேன்?”

அழிப்பதற்காக அவருடைய விரல் திரையை நோக்கி விரைந்தது. நான் அவர் மணிக்கட்டை இறுகப் பற்றிக்கொண்டேன்.

“இருக்கட்டும் தம்பி,” என்றேன் பணிவாக. “எல்லாரும் பாக்கட்டும்.”