அம்மா படித்த டச்சுச் சொல்

"கலியாணம் கட்டுறதுக்கு டச்சில என்னடா சொல்லு?"

ரயில் பிராங்பேர்ட்டை விட்டு நகர்வதற்குள் அம்மா அன்ரனிற்றா தொடங்கிவிட்டார்.

"ட்ரௌவன், அம்மா. ஜேர்மன் சொல்லுக்கு ஒண்டுவிட்ட தங்கச்சி," என்றான் ஜோன்சன்.

ஹொலண்ட் எல்லையோரம் இருக்கும் கெவெலார் மாதா கோயில் திருவிழாவுக்குப் போகிறார்கள். ஹொலண்டிலிருந்து அவன் விரும்பும் பிறின்சியின் குடும்பமும் வருகிறது. ஒரு வருடமாக அந்தப் பெட்டை வேண்டாம் என்று ஒற்றைக்காலில் நின்ற அம்மா, போன மாதம் திடீரென்று மனமிறங்கி, அங்கேயே சம்பந்தம் பேசுவோம் என்றார். ஜோன்சன் துள்ளிக் குதித்திருக்க வேண்டும். ஆனால் அம்மா மசியவே மாட்டார் என்று நினைத்து, அவனும் பிறின்சியும் மே மாதத்திலேயே ஹொலண்டில் பதிவுத் திருமணம் செய்துவிட்டார்கள். கெவெலார் வருவதற்குள் அதைச் சொல்லியாக வேண்டும்.

"நான் கட்டுறன் எண்டால்?"

"இக் ட்ரௌ."

"அவள் கட்டுறாள்?"

"ஸெய் ட்ரௌட்."

"கட்டியாச்சு எண்டால்?"

அவனுக்கு வியர்த்தது. "ஹெட்ரௌட்."

"தொண்டையில மீன்முள்ளு மாட்டினமாதிரிக் கிடக்கு." அம்மா சிரித்தார். "இந்தச் சொல்லு எங்கயிருந்து வந்தது?"

"முந்தி நம்புறதுக்குத்தான் அந்தச் சொல்லு. பிறகுதான் கலியாணத்துக்கும் வந்தது."

"நல்ல சொல்லு. நம்பிக்கைதானே எல்லாம்."

ஜோன்சனுக்குச் சுருக்கென்றது. இதற்குமேல் மறைக்க அவனால் ஏலவில்லை.

"அம்மா, கோவிக்காதைங்கோ. நானும் பிறின்சியும் ஏற்கெனவே எழுத்து எழுதிட்டம்."

அம்மா யன்னலுக்கு வெளியே பார்த்தார். உலகக் கோப்பை முடிந்தும் சனங்கள் மாடிகளில் கொடிகளைக் கழற்றாமல் விட்டிருந்தார்கள். பிறகு தலைக்கு மேலிருந்த பையைக் காட்டினார்.

"அதை இறக்கு."

அடுத்த ஸ்டேஷனில் இறங்கித் திரும்பிவிடப் போகிறார் என்று அவன் பயந்தே போனான். பையை இறக்கினான். அம்மா அதைத் திறந்தார். உள்ளே ஒரு கலியாணக் கூறைச்சேலையும் பட்டு வேட்டியும் இருந்தன.

"பிறின்சியின்ர தாய் போன மாதமே ரெலிபோன் எடுத்துச் சொல்லிப்போட்டா. எழுத்தை நான் என்ன அழிக்கவே ஏலும்? பின்னேரம் கோயில்ல கலியாணம். அவையின்ர கோயில் டச்சுச் சுவாமியார்தான் கட்டி வைக்கிறார், அவரோட ரெண்டு வார்த்தை கதைக்கத்தான் படிக்கிறன்."

"அப்ப எனக்கு ஏனம்மா ஒருத்தரும் சொல்லேல்லை?"

"ஏன் சொல்லேல்லை? எங்கட கோயில்ல போன மூண்டு ஞாயிறும் பூசையில உங்கள் ரெண்டுபேரின்ர பேரையும் சொல்லி, கலியாணம் நடக்கப்போகுதெண்டு ஓலை வாசிச்சவை. நீ பூசைக்கு வந்திருந்தால்தானே கேட்டிருப்பாய்."